உமாராணி மன்றத்தைவிட்டு வந்த விதம்

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஊர் விவகாரத்தை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யார் படம் பெரிதாகிறது, யார் படம் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது, யார் பெயருக்கு முன்னால் 'அன்பு அண்ணன்' சேர்கிறது என்பதெல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் முதலில் நடக்கும். ஊருக்குத் தெரிய அப்புறம் ரெண்டு நாளாகும்.

விடிவெள்ளி இளைஞர் நற்பணி மன்றத்துக்குத் தொடக்கம் முதலே நான்தான் ஃபிளெக்ஸ் அடிக்கிறேன். நடுவில் தலைவர் அற்புதமணி, வெள்ளை வேட்டி சட்டையில் கும்பிட்டபடி நிற்பார். அவரைச் சுற்றி உறுப்பினர்கள் ஸ்டாம்பு அளவில் இருப்பார்கள். அந்த ஸ்டாம்புகளில் ஒன்றாக வந்து, செயலாளராகி, தலைவருக்கு வலப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தவள் உமாராணி. போன கார்த்திகையில் ஒருநாள் மழையோடு மழையாகக் கடைக்கு வந்து, "ரோச் அண்ணே, இனிமே எந்த ஃபிளெக்ஸ்லயும் என் படம் வேண்டாம்" என்றாள்.

அவள் கதையைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் இன்னும் மன்றத்தில் இருக்கிறார்கள். வாயைத் திறக்கமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

உமாராணி முத்தையாபுரத்துக்காரி. இருபத்தெட்டு வயது. ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கன்டெய்னர்களுக்கான பேப்பர்களைப் பார்க்கிற வேலை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சீனித்தாய் உப்பளத்தில் உப்பு வாரித்தான் அவளைப் படிக்கவைத்தார். மகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அளத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. கேட்டால், "உக்காந்து சாப்புட எனக்கு வராதுளா" என்பார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

உப்பளத்தில் நிழல் கிடையாது. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒதுங்க இடம் கிடையாது என்பது அங்கே வேலை பார்க்கிற பெண்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆண்கள் வரப்பில் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் பாத்திகளைத் தாண்டி, லாரி போகிற பாதையைத் தாண்டி, தூரத்தில் முள்மரங்கள் மண்டிக் கிடக்கிற உடங்காட்டுக்குப் போக வேண்டும். ஒருத்தி போக, ஒருத்தி காவல் நிற்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு யார் நடப்பார்கள்? பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. விடியுமுன் வீட்டில் குடிக்கிற காபியோடு சரி, உச்சிவெயிலில் வீடு திரும்புகிறவரை தொண்டையை நனைப்பதில்லை. சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

சீனித்தாயை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. சிறுநீர்ப் பாதையில் கிருமி, காய்ச்சல், நடுக்கம். "தண்ணி குடிங்கன்னு எத்தனை தடவைம்மா சொல்றது? இப்படியே போனா கிட்னியே போயிரும்" என்று டாக்டர் சத்தம் போட்டார். சீனித்தாய் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் மகளிடம், "இவருக்கென்ன, ஆஸ்பத்திரியில எல்லாம் இருக்கு" என்றார்.

உமாராணிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா வேலைபார்க்கிற அளத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அதற்காகத்தான் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வரிசையில் நின்றாள். அளத்து முதலாளியிடம் போனாள். யாராவது கட்டினால் கட்டிக்கொள்ளட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். தனியாளாக நின்றால் காரியம் நடக்காது, ஏதாவது அமைப்போடு சேர்ந்து வா என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படித்தான் விடிவெள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்து ஐந்து வருஷம்.

இப்போது தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அற்புதமணி பெயிண்டும் ஹார்டுவேரும் விற்கிறவர். வயது நாற்பத்தாறு. இளைஞர் மன்றத்துக்கு நாற்பத்தாறு வயதில் தலைவரா என்று நீங்கள் கேட்கலாம். மன்ற விதியில் முதலில் முப்பத்தைந்து வயதுதான் வரம்பாக இருந்தது. அவருக்கு முப்பத்தைந்து முடிந்ததும் அது நாற்பதாயிற்று. பிறகு நாற்பத்தைந்தாயிற்று. அவருக்கு வயசாவதே இல்லை, விதிக்குத்தான் வயசாகிறது என்று நான் கிண்டல் செய்வேன். அவர் இல்லாத இடத்தில்தான்.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். மனுஷன் கெட்டவர் இல்லை. வெள்ளம் வந்து ஏரல் பக்கம் ஊரெல்லாம் மூழ்கியபோது, மீனவர்களிடம் கெஞ்சி வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். மார்பளவு தண்ணீரில் நின்று ஆட்களை இறக்கியிருக்கிறார். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் அவருக்குத்தான் போன் போகும். அப்படிப்பட்டவரை விட்டு விலகுவதுதான் பெரிய பாடு. அயோக்கியனாக இருந்தால் ஒரே நாளில் விலகிவிடலாம்.

வெளியூர்க் கம்பெனி ஒன்றைப் பிடித்து, கழிப்பறை கட்ட ஒப்புக்கொள்ளவைத்ததும் அற்புதமணிதான். போன வைகாசியில் வேலை ஆரம்பித்தது. உமாராணி ஆபீஸ் முடிந்ததும் தினமும் அளத்துக்குப் போய் நிற்பாள். கொத்தனாருக்கு டீ வாங்கிக்கொடுப்பாள். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று போட்டுப் போட்டுப் பார்ப்பாள். ஆடி பிறந்தபோது கட்டடம் முடிந்துவிட்டது. நீலநிறக் கதவு, மேலே தண்ணீர்த்தொட்டி, முன்னால் கல்வெட்டு. கல்வெட்டில் கம்பெனி பெயருக்கு அடுத்து அற்புதமணி பெயர், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் செயலாளர் உமாராணி.

முடிந்த கையோடு பூட்டுப் போட்டார்கள். சாவி தலைவரிடம் போனது.

திறப்பு விழாவுக்குக் கம்பெனியின் பெரிய அதிகாரி சென்னையிலிருந்து வர வேண்டும். அவருக்கு ஆடியில் வெளிநாட்டுப் பயணம். ஆவணியில் வீட்டில் கல்யாணம். அழைப்பிதழில் தேதியை மட்டும் மாற்றி மாற்றி எனக்கே சலித்துவிட்டது. அளத்தில் உப்பு விளைச்சல் உச்சத்தில் இருந்தது. பெண்கள் பூட்டிய கதவைத் தாண்டி உடங்காட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

புரட்டாசியில் செயற்குழு கூடியது. புதுத் தேதி போட்ட அழைப்பிதழைக் காட்ட நானும் போயிருந்தேன். உமாராணி எழுந்தாள்.

"அண்ணே, கட்டடம் முடிஞ்சு ஆடியில இருந்து பூட்டிக் கெடக்கு. நம்மளே தெறந்து விட்டுருவோம். விழாவ எப்ப வேணும்னாலும் வைக்கலாம்லா?"

அற்புதமணி சிரித்தார். "நல்லாருக்கே கத. நாலு பேரு போயிட்டு வந்த கக்கூஸ வந்து ரிப்பன் வெட்டுங்க சாருன்னு அந்த ஆபீசரக் கூப்பிடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

"அதுவரைக்கும் அம்மாமாரு என்ன செய்வாவ?"

"இத்தன வருஷம் என்ன செஞ்சாவளோ அதத்தான். தங்கச்சி, இந்த ஒண்ணு ஒழுங்கா நடந்துச்சுன்னா அந்தக் கம்பெனி இன்னும் பத்து அளத்துல கட்டித் தருவான். பெருசா யோசி."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் அவரிடம் உள்ள தொல்லை. உமாராணி உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமே சீனித்தாய்க்கு மறுபடியும் காய்ச்சல் வந்து, மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரியில் படுத்தார். பூட்டிய கழிப்பறையிலிருந்து பத்தடி தூரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

ஐப்பசியில் மழை இறங்கியது. உப்பளத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழை விழுந்தால் அளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீர். தை கழிகிறவரை அங்கே காக்காய்கூடப் போகாது. சரியாக அப்போது அதிகாரிக்கு நேரம் கிடைத்தது. கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. உப்பளப் பெண்களுக்கான கழிப்பறையை, உப்பளத்தில் ஒரு பெண்ணும் இல்லாத காலத்தில் திறக்க நாள் குறித்தார்கள். மன்றத்தில் யாருக்கும் இது வினோதமாகப் படவில்லை. தேதி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டார்கள்.

பெண்கள் இல்லாமல் விழா எப்படி? வேன் வைத்து வீடுகளிலிருந்து அழைத்துவந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மயில்நிறச் சேலை. நான் மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கட்டுவதற்காக முந்தியே போயிருந்தேன். சுற்றிலும் மழைத்தண்ணீர் வானம்வரை கிடந்தது. நடுவில் வரப்புமேல் அந்தக் கட்டடம். செருப்பெல்லாம் சகதியில் புதைந்தது. பெண்கள் காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி ஒரு மணிக்குமேல்தான் வந்தார். அதுவரை சீனித்தாய் நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்ததை நான் பார்த்தேன். இரண்டு தடவை எழுந்தார். "அம்மா உக்காருங்க, சார் வர்ற நேரம்" என்று மன்றத்துப் பையன்கள் உட்காரவைத்தார்கள்.

ரிப்பன் வெட்டினார்கள். கைதட்டினார்கள். போட்டோக்காரர், "ஒரு அம்மா உள்ள போயிட்டுச் சிரிச்ச முகமா வெளிய வந்தா நல்லாருக்கும்" என்றார். அற்புதமணி நேராக சீனித்தாயிடம் வந்தார். "நம்ம செயலாளர் அம்மாதான் பொருத்தம். வாங்கம்மா."

சீனித்தாய் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வேகமாக எழுந்து போனார். வாசலில் அற்புதமணி குனிந்து மெதுவாகச் சொன்னது பக்கத்தில் ஏணியில் நின்ற எனக்குக் கேட்டது.

"உள்ள ஒண்ணுக்கு எதுவும் போயிராதீங்கம்மா. தொட்டிக்கு இன்னும் தண்ணி விடல. சும்மா நின்னுட்டு வாங்க."

சீனித்தாய் உள்ளே போனார், வந்தார். சிரிப்பு சரியாக விழவில்லை என்று போட்டோக்காரர் மறுபடி அனுப்பினார். போனார், வந்தார். வெயில் மாறிவிட்டது என்று மூன்றாவது தடவையும் அனுப்பினார். மூன்றாவது தடவை சிரிப்பு நன்றாக வந்தது. அதிகாரி அவர் தோளைத் தொட்டு, "சந்தோஷமா அம்மா?" என்றார். "சந்தோஷம்யா" என்றார் சீனித்தாய்.

பிறகு கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் மேடைக்குப் போனார்கள். செயலாளர் என்பதால் நன்றியுரை உமாராணிக்கு. அவள் மைக்கைப் பிடித்து அதிகாரி பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தின் பின்பக்கம் சீனித்தாயும் இன்னொரு பெண்ணும் எழுந்தார்கள். புதுச்சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, சகதித் தண்ணீரில் இறங்கி, உடங்காட்டைப் பார்த்து நடந்தார்கள். மேடையில் நின்றவளுக்கு அது நேராகத் தெரிந்தது. குரல் ஒரு இடத்தில் நின்றது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவள் தொடர்ந்தாள். கம்பெனி, முதலாளி, தலைவர், பந்தல்காரர், மைக்செட்காரர் என்று ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்தாள். மைக்கை அணைத்து ஸ்டாண்டில் வைத்தாள்.

மறுநாள்தான் கடைக்கு வந்து தன் படம் வேண்டாம் என்றாள்.

விலகுவது என்றால் இந்தக் காலத்தில் வாட்ஸ்அப் குரூப்பைவிட்டு வெளியேறுவதுதான். வெளியேறினாள். அரை மணி நேரத்தில் அற்புதமணி திரும்பச் சேர்த்தார். வெளியேறினாள். சேர்த்தார். கோபத்தில் செய்கிறாள், சரியாகிவிடுவாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. மன்றத்தில் யாராவது கோபித்துக்கொண்டு போனால் தலைவர் வீட்டுக்கே போய்ச் சமாதானம் பண்ணுவது வழக்கம். பழம் வாங்கிக்கொண்டு முத்தையாபுரத்துக்கும் போனார். உமாராணி பேசவில்லை. சீனித்தாய்தான் டீ போட்டுக் கொடுத்தார். அவர் போனபிறகு மகளைத் திட்டினார்.

"கட்டிக் குடுத்தவுகளப் பகைக்கலாமாளா? வேற எவன் நம்மளத் திரும்பிப் பாத்தான்?"

"கட்டிக் குடுத்தாவ. தெறந்து குடுத்தாவளா?"

"தெறப்பாவ. பொறுமையா இருந்தாத்தான் காரியம் ஆகும்."

பெற்ற தாயே அப்படிப் பேசினால் ஊர் என்ன பேசாது? உமாராணி கட்சியில் சேரப்போகிறாள் என்றார்கள். தனி மன்றம் ஆரம்பிக்கிறாள் என்றார்கள். கல்யாணம் முடிவாகிவிட்டது, அதை மறைக்கத்தான் இந்தச் சாக்கு என்றும் ஒருவர் என் கடையிலேயே நின்று சொன்னார். துணைச் செயலாளர் ரெனிஷ் அவளுக்குத் தனியாக, 'அக்கா நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி' என்று செய்தி அனுப்பினான். அதே நேரத்தில் குரூப்பில் தலைவர் போட்ட பதிவுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தலைவர் சிபாரிசில் வேலைக்குக் காத்திருக்கிறான்.

மார்கழியில் ஒருநாள் அவளைக் கடற்கரை ரோட்டில் பார்த்தேன். ஆபீஸ் விட்டு வந்து சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"வேல முடிஞ்சா என்ன செய்யன்னே தெரியல அண்ணே. அஞ்சு வருஷமா சாயங்காலம்னா மன்றம்தான். இருந்த சிநேகிதம் எல்லாம் அங்கனதான். கோவமா இருந்தாக்கூட நல்லாருக்கும். அலுப்பா இருக்கு, அவ்வளவுதான்."

நானும் ஒரு காலத்தில் அந்த மன்றத்தில் உறுப்பினன்தான். போகாமலே இருந்து நின்றுபோனேன். நான் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அவளை ஒரு நாள்கூட நிம்மதியாக நிற்கவிடவில்லை. உண்மையாக வேலை செய்தவளுக்குத்தான் இந்தப் பாடு.

மாசி பிறந்ததும் அளத்தில் பாத்தி கட்டும் வேலை ஆரம்பித்தது. சீனித்தாய் பழையபடி விடியுமுன் கிளம்பினார். கதவு பழையபடி பூட்டிக் கிடந்தது. கல்வெட்டில் உப்புக்காற்று பட்டு எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது. உமாராணி பொறுத்துப் பார்த்துவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சாவியைக் கேட்டாள்.

"குடுக்கலாமே" என்றாராம் அற்புதமணி. "ஆனா மன்றத்துச் சொத்து பாரு. மன்றத்து ஆளு கையிலதான் குடுக்க முடியும். நீதான் இல்லையே."

அதோடு விடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். வயது வரம்பை ஐம்பதாக மாற்றுகிற தீர்மானம் வருகிறது. அதை யாராவது முன்மொழிய வேண்டும். கோபித்துக்கொண்டு போன பழைய செயலாளரே வந்து முன்மொழிந்தால், வெளியே பேசுகிற வாயெல்லாம் மூடும். இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. அண்ணன் தங்கைக்கு வழி சொல்வதுபோல்தான் சொன்னாராம்.

அவள் நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"செய்யாத" என்றேன். "நீ எத எதிர்த்து வந்தியோ அதையே உன் வாயால சொல்லச் சொல்லுதாரு."

"தெரியுது அண்ணே."

"அப்புறம் என்ன?"

"அம்மாவுக்கு நேத்துல இருந்து மறுபடியும் எரிச்சல். சொல்லாம மறைக்கா. நான் மானத்தோட வெளிய நின்னா, அவ உடங்காட்டுக்குத்தான் போவா. ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும் போல."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மேடை ஃபிளெக்ஸ் கட்டப் போனவன், முடித்துவிட்டும் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தீர்மானம் வந்தபோது உமாராணி எழுந்தாள். "மன்றத்தின் வயது வரம்பை ஐம்பதாக உயர்த்த முன்மொழிகிறேன்" என்றாள். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரெனிஷ் வழிமொழிந்தான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அற்புதமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, உண்மையான கண்ணீர். தங்கை திரும்பி வந்துவிட்டாள் என்று மனசார நம்பினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கொத்துச்சாவியிலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி மேடையிலேயே அவள் கையில் கொடுத்தார். அதற்கும் போட்டோ எடுத்தார்கள்.

வெளியே வந்ததும், "அண்ணே, வண்டியில கொண்டுபோய் விடுதீங்களா?" என்றாள். முத்தையாபுரம் என்று நினைத்துத் திருப்பினேன். மார்க்கெட்டுக்குப் போகச் சொன்னாள். அங்கே குடைக்குக் கீழே உட்கார்ந்து சாவி போடுகிற அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்து, அதேபோல இன்னும் சில வேண்டும் என்றாள். அவர் அரத்தால் தேய்த்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் புதுச்சாவிகள் அளத்துப் பெண்கள் கைக்குப் போயின, கதவு திறந்தது. தண்ணீருக்கு அவள் ஏற்கெனவே அளத்துக் கணக்கப்பிள்ளையிடம் பேசியிருந்தாள். ஆட்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிற டேங்கர்காரர் அப்படியே மேலே தொட்டிக்கும் விட்டுப் போனார். அதற்கு விழாவும் தேவைப்படவில்லை, அதிகாரியும் தேவைப்படவில்லை. பெண்கள் முறைவைத்துக் கழுவிக்கொண்டார்கள். வேலை முடிந்து போகும்போது கடைசியாகப் போகிறவள் பூட்டிக்கொண்டு போவாள்.

ஒரு வாரம் கழித்து உமாராணி தலைவரின் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். புது ஃபிளெக்ஸுக்கு வாசகம் கேட்க அன்று நானும் அவர் கடையில் இருந்தேன். சாவியைக் கல்லாமேல் வைத்தாள்.

"என்ன தங்கச்சி, நீயே வச்சிரு."

"இல்லண்ணே. நான் மன்றத்துல இல்ல. இந்தத் தடவ திரும்பச் சேக்காதீங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அன்னைக்கு எழுந்து முன்மொழிஞ்சது?"

"சாவிக்காக."

கடையில் வேலை பார்க்கிறவர்கள் பெயிண்ட் டப்பாக்களை எண்ணுவதுபோல நின்றார்கள். அற்புதமணிக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? என் வீட்டுக்குன்னு ஒரு செங்கல்லு எடுத்திருப்பேனா? சொல்லு."

"எடுக்கலண்ணே. நீங்க நல்லது செய்யலன்னு நான் எங்கயும் சொல்லல. நீங்க இல்லாம ஒரு நல்லது நடந்துறக் கூடாதுன்னு நினைக்கீங்க. என்னால அது முடியல."

"நான் இல்லாம இங்க எது நடந்துச்சு? ஒண்ணு சொல்லு பாப்போம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாசகம் எழுதின பேப்பரைப் பார்த்தேன். அவர் சாவியை எடுத்துக் கொத்தில் மாட்டிக்கொண்டார்.

"பூட்டிட்டுத்தான வந்த?"

"பூட்டித்தான் இருக்கு அண்ணே."

அது சாயங்காலம். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றுவரை அவர் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. போகிற பழக்கம் இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு மன்றத்தில் அவளோடு யாரும் பேசுவதில்லை. ரெனிஷ்கூட இப்போது தனியாகச் செய்தி அனுப்புவதில்லை. தெருவில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறான். ஏமாற்றிச் சாவி வாங்கியவள் என்று பெயர். அவள் அதை மறுப்பதும் இல்லை. "ஏமாத்தித்தான அண்ணே வாங்கினேன்" என்றாள் ஒருநாள். சொல்லும்போது அழவில்லை, ஆனால் வருத்தம் இருந்தது. அற்புதமணியின் கண்ணீரை அவளும் பார்த்தவள்தானே.

பங்குனியில், கதவில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வேண்டும் என்று கேட்டாள். 'பெண்கள்' என்று மட்டும். படம் வேண்டாம், பெயர் வேண்டாம். என் தொழிலில் படமும் பெயரும் இல்லாத ஒன்றை அடித்தது அதுதான் முதல் தடவை. ஒட்டுவதற்கு நானே போனேன். அளத்தில் உப்பு வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. அம்பாரங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. உமாராணி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

நான் ஒட்டிவிட்டு விலகி நின்றபோது சீனித்தாய் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்து லேசாக வெட்கப்பட்டார். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, வரப்பில் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். இரண்டு மடக்கு குடித்ததும் கீழே வைக்கப் போனார். பழைய பழக்கம்.

"இன்னுங் கொஞ்சம் குடிம்மா" என்றாள் உமாராணி.

"போதும்ளா. இன்னும் பாதி வேல கெடக்கு."

"அதனாலென்ன. பக்கத்துலதான இருக்கு."

சீனித்தாய் திரும்பி அந்த நீலக் கதவை ஒருதடவை பார்த்தார். பிறகு கேனை மறுபடியும் தூக்கினார். இந்தத் தடவை நிறுத்தாமல் குடித்தார்.